சர்க்கரை வாரியம்

உத்திரமேரூர்க் கல்வெட்டை உலகம் அறியும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஊரார் ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, குலுக்கி எடுத்து, ஏரியைக் காக்க ஒரு வாரியம், தோட்டத்தைக் காக்க ஒரு வாரியம், பொன்னைக் காக்க ஒரு வாரியம் என அமைத்துத் தம்மைத் தாமே ஆண்டுகொண்ட முறைமை அதில் வெட்டப்பட்டிருக்கிறது. உலகம் அறியாத செய்தி ஒன்று உண்டு. அந்தக் கல்வெட்டு மண்டபத்திற்கு நாலு கல் தொலைவில் மேல்மடுவு என்றொரு சிற்றூர் இருக்கிறது. அன்று ஓலை இட்ட குடம் தங்கள் ஊர்ச் சூளையில் வெந்ததே என்று அவ்வூரார் நம்புகின்றனர். இதற்குச் சான்று கேட்டவர்க்கு மேல்மடுவில் மறுமுறை காப்பி கிடைத்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டாம் ஆண்டில் இந்நம்பிக்கை ஓர் அமைப்பாக உருப்பெற்றது. நெல் மண்டி உரிமையாளரும், ஊரில் முதன்முதலாக மின்விசிறி மாட்டியவருமாகிய ஏகாம்பரம் என்பார், குடவோலை மறுமலர்ச்சி மன்றம் ஒன்றை நிறுவி, அதற்குத் தாமே தலைவரும் ஆனார். ஏரியைப் பொதுப்பணித் துறையும், தோட்டங்களை அவரவர் மனைவியரும், பொன்னை அடகுக் கடைக்காரரும் ஏற்கெனவே கவனித்து வந்தபடியால், எஞ்சியவற்றுக்கு மன்றம் வாரியம் அமைத்தது. தெருநாய் வாரியம், ஒலிபெருக்கி வாரியம், திருவிழா முன்வரிசை நாற்காலி வாரியம் ஆகியன முதலாண்டிலேயே தோன்றின. இவற்றால் நாய்களுக்கு எவ்வித இடையூறும் நேர்ந்ததாகத் தெரியவில்லை.

பழைய முறைப்படி, சூதறியாத சிறுவன் ஒருவனே குடத்திலிருந்து ஓலையை எடுத்தல் வேண்டும். ஆனால் மேல்மடுவுச் சிறுவர் அனைவரும் பள்ளிக்குச் சென்று எழுத்துக் கற்றுவிட்டனர். எழுத்தறிந்தவனிடம் நடுவுநிலைமையை எதிர்பார்த்தல் இயலாது என்று ஏகாம்பரம் கருதினார். ஆகவே சோதிடர் ஒருவருடைய கிளி அப்பணிக்கு அமர்த்தப்பட்டது. அக்கிளி எல்லாத் தேர்தலிலும் ஏகாம்பரத்தின் ஓலையையே முதலில் எடுத்தது. அந்த ஓலையில் மட்டும் கோவைப்பழச் சாறு தடவப்பட்டிருந்தது என்று சிலர் பேசிக்கொண்டனர். கிளியை அழைத்து எவரும் விசாரிக்கவில்லை.

இத்தகைய ஊரில்தான் முத்துவேல் என்னும் உழவருக்கு நீரிழிவு கண்டது.

முத்துவேல் ஒருவருக்கும் தீங்கு நினையாதவர்; எந்த வாரியத்திலும் இருந்தவர் அல்லர். ஏரிப் பாசனத்தில் நெல் பயிரிட்டு, விளைந்ததில் கணிசமான பகுதியைத் தாமே உண்டு தீர்த்து வந்தார். காலையில் பழஞ்சோறு, நண்பகலில் சுடுசோறு, இரவில் இரண்டுக்கும் இடைப்பட்ட சோறு என்பது அவர் வாழ்க்கைமுறை. புளியமரத்தடியில் தாம் ஒதுங்கிய இடத்தில் எறும்புகள் சாரை சாரையாகக் கூடியதைக் கண்டபோதும் அவர் கவலையுறவில்லை. எறும்புக்கும் ஏதோ வேலை இருக்கும் என்று விட்டுவிட்டார். காலில் தைத்த முள்ளின் புண் ஆறாமல் இழுத்துக்கொண்டே போன பின்னர்தான் உத்திரமேரூருக்குச் சென்று மருத்துவரைக் கண்டார். மருத்துவர் சுருக்கமாகப் பேசுபவர்.

"சர்க்கரை இருக்கு. இனிப்பை விட்டுடுங்க. சோத்தைக் குறைச்சுக்குங்க. கோதுமை, கேழ்வரகு சேத்துக்குங்க. நல்லா நடங்க. மாத்திரையை வேளை தவறாமப் போடுங்க. பயப்பட ஒண்ணுமில்லை, போய்ட்டு வாங்க."

அவ்வளவுதான். இதில் வாரியம் என்ற சொல் எங்கும் இல்லை என்பதை வாசகர் கவனித்தல் நலம்.

அந்நாளில் முத்துவேலின் மனம் முழுவதும் மகள் ஆதிலட்சுமியின் கலியாணத்திலேயே கிடந்தது. பழையசீவரம் கிருஷ்ணசாமியின் மகன், பால் சங்கத்தில் வேலை பார்ப்பவன், பெண்ணை வந்து பார்த்துச் சென்றிருந்தான். அவனுக்கு இவளைப் பிடித்திருந்தது. இவளுக்கு அவனைப் பிடித்திருந்தது என்பதை, அவன் போனபின் இவள் ஒரே தெருவை மூன்று தரம் பெருக்கியதிலிருந்து தாய் கண்டுகொண்டாள். எஞ்சியிருந்தது கை நனைப்பது ஒன்றே. பேச்சு முடியும்வரை ஒரு வீட்டார் மற்றவர் வீட்டில் பச்சைத் தண்ணீரும் பருகார். முடிவு செய்யும் நாளில், பெண்ணைப் பெற்றவர் பிள்ளை வீட்டுக்குச் சென்று, பிள்ளையைப் பெற்றவர் பக்கத்தில் இலை போட்டு அமர்ந்து, விருந்து உண்ணுதல் வேண்டும். கை நனைந்தால் சம்பந்தம் உறுதி. நனையாமல் எழுந்தால், பெண் கொடுக்க மனம் இல்லை என்று பொருள். இதற்கு எழுத்தும் வேண்டா, சாட்சியும் வேண்டா. அந்த விருந்துக்குத் தை மாதத்தில் நாள் குறித்தாயிற்று.

"இன்னாய்யா சொன்னாரு டாக்டரு?" என்று மனைவி சொக்கம்மாள் வாசலிலேயே நிறுத்திக் கேட்டாள்.

"சக்கரையாம்."

"இன்னாது?"

"ரத்தத்துல சக்கரை கீதாம். ஜாஸ்தியா கீதாம்."

"ரேசன் கடையில கேட்டா சக்கரையே வர்லன்றான். உன் ஒடம்புல மட்டும் ஜாஸ்தியா கீதா? எங்கருந்துய்யா வந்தது?"

"அத்த டாக்டரு சொல்லல."

"சோறு?"

"கொறைச்சிக்கச் சொன்னாரு."

சொக்கம்மாள் எதனையும் குறைத்துப் பழகாதவள். வைத்தால் நிறைய வைப்பாள். எடுத்தால் அடியோடு எடுப்பாள். மறுநாள் முதல் அவ்வீட்டில் சோறு என்பது மாட்டுத் தொட்டியில் காணக்கூடிய ஒன்றாயிற்றே தவிர, மனிதர் இலையில் காணக்கூடிய ஒன்றாக இல்லை. சப்பாத்தி என்பதனைச் சொக்கம்மாள் காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தருகே ஓர் உணவுவிடுதியின் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒருமுறை கண்டதுண்டு. அந்த நினைவை வைத்துக்கொண்டு அவள் சுட்ட முதற் சப்பாத்தியை முத்துவேல் கையில் வாங்கி, இருபுறமும் திருப்பிப் பார்த்தார்.

"இத்தப் போட்டு மடைய அடைக்கலாமா?" என்று பணிவாகவே கேட்டார்.

"வாய மூடிக்கினு துன்னு."

"வாய மூடிக்கினு எப்டி துன்றது?"

குடும்பத் தலைவர் உண்ணாததை மற்றவர் உண்ணுதல் தகாது என்பது சொக்கம்மாளின் தீர்ப்பு. ஆகவே பாகற்காயும் கேழ்வரகுக் களியும் வீட்டார் அனைவர்க்கும் பொதுவாயின. காப்பியில் வெல்லம் நின்றது. அண்டை வீட்டார் மஞ்சள் நீராட்டுக்கு அனுப்பிய அதிரசம் அப்படியே திருப்பி அனுப்பப்பட்டது. அண்டை வீட்டார் அதனால் ஒரு வாரம் பேசவில்லை. இப்படிச் சென்றது ஒரு பதினைந்து நாள். பிறகு ஒரு நாள் பிற்பகலில் முத்துவேல், தம் நிலத்துக்கு வேலைக்கு வந்தவரிடம் கேட்டு வாங்கிய ஒரு கவளம் பழஞ்சோற்றை இலையில் மறைத்துக்கொண்டு வைக்கோற்போரின் பின்புறம் சென்றார். அங்கே சொக்கம்மாள், கன்னம் உப்ப, கமர்கட் ஒன்றைக் கடித்துக்கொண்டு நின்றாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் திகைத்து நிற்கையில், போரின் மறுபக்கத்திலிருந்து ஆதிலட்சுமி வெல்லக்கட்டியோடு வந்து சேர்ந்தாள்.

மூவரும் சிறிது நேரம் வானத்தைப் பார்த்தனர்.

"மழ வராப்ல கீது," என்றாள் சொக்கம்மாள். கமர்கட் அவள் வாயை முழுவதுமாகத் திறக்க விடவில்லை.

"ஆமாம்மா," என்றாள் மகள். முகிலே இல்லாத வானம் அது.

அன்று மாலை சொக்கம்மாள் உலையில் அரிசி இட்டாள். முத்துவேலுக்கு ஒரு கைப்பிடி, கீரையோடு. மருத்துவர் சொன்னதும் ஏறக்குறைய அதுவேயாதலால், முள் குத்திய புண் வற்றத் தொடங்கியது. காரியம் இங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் திருப்பி அனுப்பிய அதிரசத்தின் செய்தி ஏகாம்பரத்தின் காதுக்கு எட்டிவிட்டது.

அடுத்த ஞாயிறன்று ஊர் மண்டபத்தில் கூட்டம் கூட்டப்பட்டது. ஒலிபெருக்கி வாரியம் ஒலிபெருக்கியைக் கட்டியது. ஏகாம்பரம் தோள்துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"அன்பார்ந்த ஊர்ப் பெருமக்களே! சோழர் காலத்தில் ஏரி உடைந்தால் யார் பார்த்தது? வாரியம் பார்த்தது. இன்று நம் முத்துவேலின் உடம்பு உடைந்திருக்கிறது. இதனை யார் பார்ப்பது? மனைவி பார்த்துக்கொள்வாள் என்கிறார்கள். மனைவிக்கு என்ன தகுதி? அவளைக் குடத்திலிருந்தா எடுத்தோம்? மருத்துவர் பார்த்துக்கொள்வார் என்கிறார்கள். அவர் வெளியூர்க்காரர், நம் பெருமை அவருக்குத் தெரியாது. முத்துவேலே பார்த்துக்கொள்வார் என்றும் ஒருவர் சொன்னார். ஒருவர் தம் வயிற்றைத் தாமே ஆளத் தொடங்கினால் பிறகு ஊர் எதற்கு, மன்றம் எதற்கு, நான் எதற்கு? நான் பதவியை விரும்புகிறவன் அல்லேன். பதவிதான் என்னை விரும்புகிறது. ஐயம் இருப்பின் கிளியைக் கேளுங்கள்."

கிளி வெளியே வந்தது. ஏகாம்பரத்தின் ஓலையை எடுத்தது. பின்னர், பழைய கம்பவுண்டர் வேதகிரியின் ஓலையையும், ஏகாம்பரத்தின் மண்டியில் தரகு பார்க்கும் மூவரின் ஓலைகளையும் எடுத்தது. சர்க்கரை வாரியம் பிறந்தது. கைதட்டல் ஓய்ந்தபின் ஆதிலட்சுமி தூணருகிலிருந்து ஒரு கேள்வி கேட்டாள்.

"வாரியத்துல கீறவங்களுக்கு சக்கரை கீதா இல்லியான்னு யாரு பாக்கறது?"

"கல்வெட்டில் நிலம் சொல்லியிருக்கிறது, வீடு சொல்லியிருக்கிறது, வயது சொல்லியிருக்கிறது," என்றார் ஏகாம்பரம். "சிறுநீர் சொல்லவில்லை. இல்லாத விதியை நாம் புகுத்தலாகாது."

வாரியத்தின் பணி மறுநாளே தொடங்கியது. உணவு வேளையில் ஐவரும் முத்துவேலின் வீட்டுக்கு வருவர், அடுப்படியைப் பார்வையிடுவர், நோயாளிக்கு ஒவ்வாத பண்டம் கண்டால் பறிமுதல் செய்வர். பறிமுதல் செய்த பண்டம் ஊசிப்போய்ப் பொதுச் சுகாதாரத்திற்கு ஊறு விளைவிக்கக் கூடுமாதலால், அவ்விடத்திலேயே வாரியத்தால் உட்கொள்ளப்படல் வேண்டும் என்று விதி செய்யப்பட்டது. முதல் வாரத்தில் சோறும் குழம்பும் இவ்வாறு அகற்றப்பட்டன. இரண்டாம் வாரத்தில் அகற்றுவதற்கு ஒன்றும் அகப்படவில்லை. வாரியத்தாரின் முகம் வாடியது.

"இன்னாம்மா இது? ஒரு பணியாரம்கூட சுடலியா?" என்று வேதகிரி வருத்தத்தோடு கேட்டார்.

"அவருக்குத்தான் ஆவாதே. எதுக்குச் சுடறது?"

"நீ சுடலைன்னா நாங்க எத்தத் தடுக்கறது? தடுத்தாத்தானே வாரியம்? நாளைக்குத் தலைவரு கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?"

சொக்கம்மாள் பெருமூச்செறிந்து, மறுநாள் பணியாரம் சுட்டாள். வாரியம் அதனைத் தடுத்தது. அதற்கடுத்த நாள் அதிரசம் தடுக்கப்பட்டது. வெள்ளிக்கிழமைகளில் ஒன்றுக்கு இரண்டு வகை தடுக்கப்பட்டன. முத்துவேல் ஒரு மூலையில் அமர்ந்து, தம்முடைய கைப்பிடிச் சோற்றைத் தின்ன முடியாமல், தம் நலனுக்காக ஐந்து பேர் மெல்லுகின்ற ஓசையைக் கேட்டுக்கொண்டிருப்பார். "சக்கரை நமக்கு, சதை அவங்களுக்கா?" என்று ஒருநாள் மனைவியிடம் மெல்லக் கேட்டார். அவள் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். கையில் பணியார மாவு இருந்தது.

நடைப்பயிற்சியும் மேற்பார்வைக்கு உட்பட்டது. முத்துவேல் ஏரிக்கரையில் நடப்பார். அவர் நடக்கின்றாரா என்று பார்த்தற்பொருட்டு வாரியத்தார் மாட்டுவண்டியில் அமர்ந்து பின்னே வருவர். மாடு களைத்தபோது முத்துவேல் இறங்கி நின்று தண்ணீர் காட்டுவார் என்று எழுதப் புகுந்தேன். அவர் வண்டியிலேயே இல்லாதபடியால் இறங்குதல் இயலாது. நடந்துவந்து காட்டுவார்.

வெள்ளிதோறும் மண்டபத்தில் பொதுச்சோதனை நடந்தது. அந்நாளைய முறை எளிது. நீல நிறமான ஒரு மருந்துநீரில் சிறுநீர்த் துளிகளை விட்டுச் சாராய விளக்கில் காய்ச்சினால், சர்க்கரை இல்லையேல் நீலமாகவே நிற்கும், சிறிது இருப்பின் பச்சையாகும், பின்னர் மஞ்சள், மிகுந்தால் செங்கல் நிறம். வேதகிரி சோதனைக் குழாயை உயர்த்திப் பிடிப்பார். ஊரார் கழுத்தை நீட்டுவர். ஒலிபெருக்கி முழங்கும்:

"மேல்மடுவு மக்களின் மேலான கவனத்திற்கு! இவ்வார முத்துவேல், மஞ்சள்! சென்ற வாரச் செங்கலிலிருந்து மஞ்சளுக்கு முன்னேறியிருக்கிறார்!"

தேநீர்க் கடையில் அடுத்த வாரத்து நிறத்தின்மீது பந்தயம் நடந்தது. தோற்றவர் வென்றவர்க்கு இரட்டைச் சர்க்கரை போட்ட தேநீர் வாங்கித் தருதல் நியதி. மஞ்சளில் பந்தயம் கட்டியவர்கள் வெள்ளிக்கிழமைக் காலையில் முத்துவேலின் வீட்டைச் சுற்றி வாழைப்பழத்தோடு நடமாடினர். அவர் வெளியே வந்தால், "நல்லா கீறியா மாமா? ஒண்ணு துன்னு மாமா," என்று பரிவோடு நீட்டுவர்.

நடையாலும் மாத்திரையாலும், உண்ணவிடாமையாலும், மார்கழிக் கடைசி வெள்ளியன்று குழாயின் நீர் நீலமாகவே நின்றது. முத்துவேலின் முகம் மலர்ந்தது. வாரியத்தாரின் முகம் வெளிறியது. ஏகாம்பரம் ஒலிவாங்கியைக் கையால் பொத்தினார். ஆனால் ஒலிபெருக்கி, தன் பழைய பழக்கத்தால், பொத்திய பிறகும் பேசிற்று.

"வேதகிரி, இன்னாய்யா இது நீலம்?"

"கொணமாயிட்டாப்ல கீது தலைவரே."

"கொணமாயிட்டா வாரியம் எதுக்குன்னு கேப்பாங்களே? பொங்கல் வருது. போன வருசம் நாற்காலி வாரியத்துக்கே ஆள் சேர்ல. இன்னொரு தபா காய்ச்சு. பச்சையாவது வர்ற வரைக்கும் காய்ச்சு."

ஊர் முழுவதும் இதனைக் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை, தலைவர் ஆழ்ந்து ஆலோசிக்கிறார் என்று மதிப்பு மிகுந்தது. வேதகிரி தம் பையிலிருந்து எதனையோ சேர்த்து மீண்டும் காய்ச்சினார். பச்சை வந்தது. வாரியத்தார் மகிழ்ந்து கூட்டத்தினர்க்குக் கேசரி வழங்கினர். முத்துவேலுக்கு மட்டும் வழங்கப்படவில்லை, விதி விதியே.

பொங்கல் முடிந்தது. கை நனைக்கும் நாள் நெருங்கியது. முத்துவேல் வாரியத்தின்முன் கைகட்டி நின்று விண்ணப்பித்துக்கொண்டார்.

"பழையசீவரத்துல கை நனைக்கணும்ங்க. ஒருவேள மட்டும் வுட்டுக் குடுங்க. வயிறு நெறய வாணாம். ஒரு பிடி போதும். கை நனையலைன்னா பொண்ணு குடுக்க இஷ்டமில்லன்னு அர்த்தம் பண்ணிக்குவாங்க. என் பொண்ணு மனசு ஒடஞ்சி பூடும்."

வாரியம் நெடுநேரம் ஆலோசித்தது. ஏகாம்பரம் எழுந்தார்.

"முத்துவேலரே, உமது துயரம் எமக்கு விளங்குகிறது. பாயசம் விஷம், ஆயினும் கலியாணம் அவசியம். இவ்விரண்டுக்கும் வழி நம் முன்னோர் கண்டிருக்கின்றனர். அதன் பெயர் பிரதிநிதித்துவம். ஊரார் அனைவரும் ஏரிக்கரையில் சென்று நிற்க இயலாதபடியால் வாரியத்தாரை அனுப்பினர். அவ்வாறே, நீர் உண்ண இயலாதபடியால் நாங்கள் உண்போம். உமது சார்பில், உமது இலையில், உமது கையாக என் கை நனையும். இதில் எனக்குத் தனிப்பட்ட இன்பம் ஏதும் இல்லை. பால் பாயசமா, பருப்புப் பாயசமா என்று மட்டும் முன்கூட்டியே விசாரித்துச் சொல்லும்."

"அவங்க ஒத்துக்குவாங்களா?"

"உலகத்துப் பாராளுமன்றங்கள் அனைத்தும் ஒத்துக்கொண்ட முறை இது. பழையசீவரம் ஒத்துக்கொள்ளாதா?"

வீட்டுக்கு வந்து முத்துவேல் இதனைச் சொன்னபோது ஆதிலட்சுமி அழுதுவிட்டாள். "நைனா, உன் கை கீதே! அந்த ஆளு கை எதுக்கு?" என்றாள். முத்துவேல் தம் கையைப் பார்த்துக்கொண்டார். அது அவருடையதாகத்தான் தோன்றியது. ஆயினும் ஒலிபெருக்கி வைத்திருப்பவரிடம் எதிர்த்துப் பேசி அவருக்குப் பழக்கம் இல்லை.

குறித்த நாளில் முத்துவேலும் சொக்கம்மாளும் வாடகை வேனில் பழையசீவரம் சென்றனர். வேனின் நல்ல இருக்கைகளில் வாரியம் சென்றது. கிருஷ்ணசாமி வாசலிலேயே நின்று வரவேற்றார். உரத்த குரலும் பரந்த மார்பும் உடையவர். ஒளிவு மறைவு அறியாதவர். அவர் மனைவி பவளம் பந்தலில் இலைகளை வரிசையாகப் போட்டிருந்தாள். வடை, அப்பளம், அவியல், குவித்த வெண்சோறு, பருப்பு, நெய், ஆவி பறக்கும் பாயசம்.

"வாங்க சம்மந்தி, குந்துங்க," என்று கிருஷ்ணசாமி தம் பக்கத்து இலையைக் காட்டினார்.

முத்துவேல் அமரக் குனிந்தார். ஏகாம்பரம் அவர் தோளைப் பிடித்து மெல்ல நகர்த்தி, பந்தற்காலோரம் இருந்த பெஞ்சியைக் காட்டிவிட்டு, அந்த இலையில் தாம் அமர்ந்தார். மற்ற நால்வரும் அடுத்தடுத்த இலைகளை நிரப்பினர். தம் பக்கத்தில் அமர்ந்தவர் பெண்ணின் பெரியப்பாவாக இருக்கலாம் என்று எண்ணிய கிருஷ்ணசாமி, மரியாதை கருதி வாய் திறவாமல் தாமும் கை நனைத்தார். வாரியம் உண்டது. பிரதிநிதிகள் தம் கடமையை இத்துணை ஈடுபாட்டோடு ஆற்றியதைப் பாராளுமன்றங்களிலும் காண்டல் அரிது. பாயசம் மூன்று முறை வந்தது. மூன்று முறையும் ஏகாம்பரம், "முத்துவேல் சார்பில்," என்று முணுமுணுத்து ஏற்றுக்கொண்டார்.

கடைசிக் கவளம் இறங்கியதும் கிருஷ்ணசாமி மகிழ்ந்து திரும்பினார்.

"வயிறு நெறஞ்சுதா சம்மந்தி?"

"பரிபூரணம்," என்றார் ஏகாம்பரம்.

"அப்ப முடிவு பண்ணிட்டோம். பந்தல் உங்க செலவு, மேளம் எங்க செலவு. பொண்ணுக்குச் சீரு, கட்டில், பித்தளை அண்டா எல்லாம் எப்ப அனுப்பறீங்க?"

நக்குவதற்கு உயர்ந்த ஏகாம்பரத்தின் விரல்கள் நடுவழியில் நின்றன.

"தாங்கள் தவறாகக் கருதிவிட்டீர்கள். நான் சம்பந்தி அல்லேன். அதோ இருப்பவரே சம்பந்தி. நான் அவர் பிரதிநிதி."

"அப்டின்னா?"

"அவருக்குப் பதிலாக உண்டேன்."

"சரி. அவருக்குப் பதிலா துன்னீங்க. அவருக்குப் பதிலா சீரு யாரு செய்றது?"

"அதனை அவரே செய்வார்."

"இன்னாங்க ஞாயம் இது? பாயசத்துக்கு நீங்க, அண்டாவுக்கு அவரா?" கிருஷ்ணசாமியின் குரல் அவ்வூர் மலைக்கோயில் வரை கேட்டிருக்கும். "எங்க வூட்ல கை நனைச்சவருதான் சம்மந்தி. பாட்டன் பூட்டன் காலத்து வழக்கம். ஆயிரம் வருசப் பெருமை உங்க ஊருக்கு மட்டும்தானா? எங்களுக்கும் கீது!"

பவளம் கரண்டியோடு வரிசையை ஒரு பார்வை பார்த்தாள். "ஏங்க, இந்தாளு மட்டுமில்ல. அஞ்சு பேரும் கை நனைச்சிக்கீறாங்க. எம் புள்ளைக்கு அஞ்சு மாமனாரா?"

பந்தலில் குழப்பம் மூண்டது. தரகர்களில் ஒருவர் தாம் அப்பளம் மட்டுமே தொட்டதாகவும், அப்பளம் உணவாகாது என்றும் வாதிட்டார். மற்றொருவர் தாம் கரண்டியால் உண்டதாகவும், ஆகவே நனைந்தது கரண்டியே என்றும் கூறினார். மூன்றாமவர் எழுந்து வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டார். "நான் சோதனை நோக்கத்தோடு சுவைத்தேன், அது வைத்தியம்," என்றார் வேதகிரி. ஏகாம்பரம் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "என் கை நனையவே இல்லை," என்று அறிவித்தார். அக்கை வழியே பாயசம் அவர் வேட்டியில் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஆக, நனைச்ச கைய இல்லன்றீங்க," என்று கிருஷ்ணசாமி இலையை விட்டு எழுந்தார். அவர் முகத்தில் சினம் போய் வருத்தம் வந்திருந்தது. "பொண்ணு குடுக்க மனசில்லன்னா நேரா சொல்லிட்டுப் போலாம். எம் பையன் ஆசப்பட்டான். வுடுங்க. அவன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்," என்று ஏகாம்பரம் அவசரமாகத் தொடங்கினார், "சர்க்கரை வாரியம் இக்கணம் முதல் கலைக்கப்படுகிறது. அது செய்த எதற்கும் அது பொறுப்பன்று. ஆதரிப்போர் கை தூக்குங்கள்!" பருப்பும் நெய்யும் ஒட்டிய கைகள் உயர்ந்தன. அவ்வாரியம் ஒருமனதாக நிறைவேற்றிய முதல் தீர்மானம் அதுவே.

கிருஷ்ணசாமி உள்ளே போகத் திரும்பினார். முத்துவேல் பெஞ்சியிலிருந்து எழுந்தார். அதுவரை ஒருவரையும் கேளாமல் ஒன்றும் செய்து பழகாத அவர், இப்போதும் யாராவது அனுமதி கொடுப்பார்களா என்று ஒருமுறை சுற்றிப் பார்த்தார். எவரும் கொடுக்கவில்லை. வேனுக்கு ஓடியவர் விட்டுப்போன இலையருகே, பரிமாறப்படாத ஓர் இலை கிடந்தது. அதன்முன் அமர்ந்தார்.

"கொஞ்சம் சோறு போடு தாயி," என்றார் பவளத்திடம். "ரசம் ஊத்து. ஒரு பிடிக்கு மேல வாணாம். எனக்குச் சக்கரை கீது, ஒளிக்கல. பொண்ணுக்கு இல்ல. இவ்ளோ துன்னா கை நனைஞ்சதா இல்லியா, நீங்களே சொல்லுங்க."

ஏகாம்பரம் பழக்கத்தினால் வாய் திறந்தார்: "நோயாளிக்கு அரிசி..."

"இன்னொரு வார்த்த பேசினேன்னு வையி," என்றாள் சொக்கம்மாள், "நீதான் சம்மந்தின்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுவேன்."

தலைவர் வாயை மூடினார். மூடியதில் நாக்கு கடிபட்டிருக்கக்கூடும்.

முத்துவேல் பிசைந்து, அள்ளி, உண்டார். அக்கவளம் தொண்டையில் இறங்குவதை அப்பந்தலில் நின்ற அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தனர். அவர் கண்கள் கலங்கின. ரசத்தில் மிளகு மிகுதி. கிருஷ்ணசாமி திரும்பி வந்து, அவர் பக்கத்தில் அமர்ந்தார்.

"நனைஞ்சிடுச்சி சம்மந்தி," என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "நல்லாவே நனைஞ்சிடுச்சி."

பவளம் முகமெல்லாம் சிரிப்பாய்ப் பாயசக் கரண்டியோடு குனிந்தாள். முத்துவேல் இலையின் குறுக்கே சொக்கம்மாளின் கை வந்து விழுந்தது.

"அவருக்கு வாணாம் அண்ணி. அவரு பங்கு எனக்கு ஊத்து." அவள் கணவரின் பக்கத்தில் சம்மணமிட்டு அமர்ந்தாள். "எத்தினி வருசமா அவரோட துன்னுகினு கீறேன். எனக்குக் கிளியெல்லாம் வாணாம்."

ஒரு கரண்டி விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. முந்திரி மிதந்தது. முத்துவேல் அதனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் உண்டாள், கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக உண்டாள். அவர் பொறுக்கமாட்டாமல் அவள் காதருகே குனிந்தார்.

"எப்டி கீது?"

"ஒண்ணும் நல்லால்லய்யா. ஒரே திகட்டு," என்று சொல்லிவிட்டுச் சொக்கம்மாள் இலையை வழித்தாள்.